உப்புத்தாள்

மண்டபம் ரயில்வே குடியிருப்பில்
ஏலத்தில் எடுத்த மேசை.
மூன்று இழுப்பறை, ஒரு கால் நொண்டி,
மேல்பலகை எங்கும் டீ கிளாஸ் வட்டங்கள்.
தங்கச்சிமடத்தில் என் பார்லருக்கு
கண்ணாடிக்குக் கீழே போட
எண்ணூறு ரூபாய்க்கு வேறென்ன கிடைக்கும்?

கடையில் விற்கும் சாக் பெயின்ட்
மேசையைவிட விலை.
வீட்டிலேயே கலந்தேன்.
சுவருக்கு அடித்து மிஞ்சிய எமல்ஷன் மூன்று பங்கு,
பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒரு பங்கு,
கரைக்கத் தண்ணீர்.
முதல் வாளி
போன் பேசிவிட்டு வருவதற்குள் கல்லாகிவிட்டது.
பிரஷ் அதில் கொடிமரம் போல நின்றது.

தடைக்காலம். கடலுக்குப் போகாத பிரிட்டோ
"தள்ளு, நான் அடிக்கிறேன்" என்றார்.
இருபது வருடம் படகுக்குப் பெயின்ட் அடித்த கை.
தண்ணீர் புகக் கூடாது,
அந்தக் கைக்கு அது ஒன்றுதான் கணக்கு.
தொட்டு, அப்பி, இழுத்து
அரை மணியில் முடித்துவிட்டு
இடுப்பில் கை வைத்து நின்றார்.
காய்ந்ததும் பார்த்தால்
பிரஷ் போன வழியெல்லாம் உழவுசால்.
போதாததற்குக் கச்சான் காற்று
தெருவை அள்ளிவந்து மேலே தூவியிருந்தது.
விரலால் தடவினேன். உப்புத்தாள்.
"படகு நல்லா ஓடும்" என்றேன்.
சோறு வைக்கும்வரை அவர் பேசவில்லை.

மறுநாள் முழுக்கத் தேய்த்து எடுத்தேன்.
எண்பதாம் நம்பர் தாள், பிறகு நூற்றிருபது.
மூக்கில் துணி, புருவத்தில் வெள்ளைத் தூள்.
பாதி தேய்க்கும்போதுதான் உறைத்தது:
இது நான் தினம் செய்கிற வேலை.
முகம் என்றால் முதலில் பிசுக்கைத் துடைப்பேன்,
அடியில் பிரைமர் வைப்பேன்,
ஈரப் பஞ்சால் ஒற்றுவேனே தவிர இழுக்க மாட்டேன்,
ஒன்று காயாமல் அடுத்ததைத் தொட மாட்டேன்.
மரம் மட்டும் என்ன பாவம் செய்தது?

விடியுமுன் மூன்று மணி.
எங்கள் தீவில் காற்று
எந்தப் பக்கம் போவதென்று யோசிக்கும் நேரம் அது.
வடகடலும் பேசவில்லை, தென்கடலும் பேசவில்லை.
பவுடரைப் பழைய காலுறையில் சலித்து
முதலில் தண்ணீரில் குழைத்து,
கட்டி போனபின் எமல்ஷனில் ஊற்றி,
மோர் பதத்துக்குக் கொண்டுவந்தேன்.
ஒரு டம்ளர் அளவுதான். கல்லாவதற்குள் தீர வேண்டும்.
பிரஷை நனைத்து, உதறி,
ஒரே திசையில் ஒரே இழுப்பு.
திரும்பிப் போய்ச் சரிசெய்யும் ஆசையை
கையிலேயே அடக்கினேன்.
முதல் பூச்சில் மரம் தெரிந்தது.
தெரியட்டும்.

பிரிட்டோ எழுந்து வந்தார்.
ஒன்றும் சொல்லாமல் போன் டார்ச்சைப்
பலகையின் விளிம்பில் சாய்த்துப் பிடித்தார்.
நேர் வெளிச்சத்தில் ஒளிந்த வரப்பெல்லாம்
நிழல் போட்டு எழுந்தது.
"இந்தா ஒண்ணு. இங்க ஒண்ணு."
தண்ணீரின் நிறம் பார்த்து
அடியில் பாறை சொல்கிற கண்.
அவர் காட்டினார், நான் நீவினேன்.

இப்படி மூன்று விடியல், மூன்று பூச்சு.
கடைசியில் நானூறாம் நம்பர் தாளை நனைத்து
பாரம் கொடுக்காமல் வட்டமாகத் தேய்த்தேன்.
பால் மாதிரி வழிந்தது.
மெழுகுவர்த்தித் துண்டுகளை டர்பன்டைனில் ஊறவைத்து
பனியன் துணியால் பூசித் துடைத்தேன்.
கன்னத்தை வைத்துப் பார்த்தேன்.
யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வாரம் அக்காமடத்திலிருந்து
ஒரு கல்யாணப்பெண், ரெக்சலின்.
நெற்றியில் பரு, கன்னத்தில் வெயில்.
அவள் அம்மா மேசையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.
"ஜெனோவா, புள்ள முகமும்
இதே மாதிரி வழவழன்னு வரணும்."

"வரும்க்கா. உப்புத்தாள் இருக்கு, போடவா?"

பெண் சிரித்துவிட்டாள்.
வாயோரம் இரண்டு பக்கமும் கோடு விழுந்தது,
கண்ணோரம் சுருங்கியது.
குனிந்து பார்த்தேன்.
பூச்சு வெடிக்கவில்லை.